எலிசா விளைவு: ஏஐ ஆவணப்படம் பார்ப்பதற்கு முன் ஒரு எளிய விளக்கம்

ஏஐ-யோடு மனிதர்கள் பழகுவதைப் பற்றி எடுக்கப்பட்ட எந்த ஆவணப்படத்தைப் பார்த்தாலும் ஒரு காட்சி கட்டாயம் வரும். ஒருவர் கம்ப்யூட்டருக்கு முன்னாலோ ஒரு ரோபோவுக்கு எதிரிலோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார், அது பதிலுக்கு ஏதோ சொல்லும், அவருடைய கண் கலங்கும். பார்க்கிற நமக்கு 'பாவம், இவ்வளவு தனியாக இருக்கிறாரே' என்று தோன்றும், இல்லையென்றால் 'இதைப் போய் நம்புகிறாரே' என்று தோன்றும். இரண்டுமே அவரை நம்மிடமிருந்து தள்ளி நிறுத்தும் எண்ணங்கள்தான். அந்த நாற்காலியில் நாம் இருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று உள்ளுக்குள் நமக்கு ஒரு தைரியம். அந்தத் தைரியத்துக்குப் பெரிய ஆதாரம் எதுவும் இல்லை என்று அறுபது வருடங்களுக்கு முன்பே ஒருவர் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததற்குத்தான் இன்று எலிசா விளைவு என்று பெயர். இதைத் தெரிந்துகொண்டால் இந்த மாதிரிப் படங்களைப் பார்க்கிற விதமே மாறிவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: ஒரு இயந்திரம் மனிதர் பேசுவதுபோல எதையாவது சொன்னால், அதற்குப் பின்னால் ஒரு மனம் இருப்பதாக நாமாகவே எடுத்துக்கொள்கிறோம், அது வெறும் இயந்திரம் என்று நன்றாகத் தெரிந்திருந்தாலும். விஷயமே அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. தெரியாமல் ஏமாறுவது வேறு. இங்கே எல்லாம் தெரிந்தபிறகும் மனசு அந்தப் பக்கம் சாய்கிறது.

1964-இலிருந்து 1966 வரை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். அன்றைக்குத் திரை கிடையாது. டைப்ரைட்டர் போன்ற ஒரு கருவியில் நீங்கள் ஒரு வாக்கியம் அடித்தால், எங்கோ இருக்கிற பெரிய ஐபிஎம் கம்ப்யூட்டர் அதை வாங்கிக்கொண்டு, பதிலை அதே தாளில் அச்சடித்துக் கொடுக்கும். புரோகிராமுக்கு எலிசா என்று பெயர் வைத்தார். பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில் வரும் பூக்காரப் பெண்ணின் பெயர் அது. எலிசாவுக்கு எந்தப் பாத்திரத்தை வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம், அந்தப் பாத்திரமாகப் பேசும். அப்படி எழுதியவற்றில் 'டாக்டர்' என்ற ஒன்றுதான் உலகப் புகழ் பெற்றது. அது ஒரு மனநல ஆலோசகரைப்போல நடிக்கும்.

எப்படி நடிக்கும் என்பதைத் தமிழிலேயே செய்து பார்க்கலாம். புரோகிராமிடம் ஒரு பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தில் அம்மா, அப்பா, அண்ணன், தங்கை என்று ஏதாவது வந்தால் 'உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்' என்று பதில். 'எனக்கு இப்படி இருக்கிறது' என்று வந்தால் அதையே திருப்பி 'எத்தனை நாளாக உங்களுக்கு அப்படி இருக்கிறது?' என்று பதில். 'என்' வந்த இடத்தில் 'உங்கள்', 'நான்' வந்த இடத்தில் 'நீங்கள்'. பட்டியலில் உள்ள எந்தச் சொல்லும் வரவில்லையா? 'ம், மேலே சொல்லுங்கள்'. இதற்கு மேல் ஒரு சின்ன தந்திரமும் உண்டு. 'என்' வருகிற மாதிரி நீங்கள் சொன்ன ஏதாவது ஒன்றை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டு, பேச்சு வற்றும்போது 'இதற்கும் நீங்கள் முதலில் சொன்னதற்கும் சம்பந்தம் இருக்கிறதா?' என்று கேட்கும். இப்போது உரையாடலைப் பாருங்கள்.

'எங்க அப்பாவுக்கு என் மேல எப்பவும் கோபம்.'
'உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்.'
'வேலையை விட்டதிலிருந்து அவர் என்கிட்ட பேசறதே இல்ல.'
'ம், மேலே சொல்லுங்கள்.'
'எனக்கு ரொம்ப அசிங்கமா இருக்கு.'
'எத்தனை நாளாக உங்களுக்கு அசிங்கமாக இருக்கிறது?'
'தெரியல. ரொம்ப நாளா.'
'இதற்கும் உங்கள் மேல் அப்பாவுக்கு இருக்கும் கோபத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா?'

கடைசிக் கேள்வி வருகிற இடத்தில் லேசாக ஒரு உலுக்கு உலுக்குகிறது இல்லையா? மேலே உள்ள பட்டியலைப் படித்துவிட்டுத்தான் இதைப் படிக்கிறீர்கள். ஓரமாக எடுத்து வைத்த வாக்கியத்தை அது அப்படியே ஒட்டியது என்றும் தெரியும். ஆனாலும், கவனமாகக் கேட்டு, யோசித்து, சரியான நேரத்தில் சரியான முடிச்சைத் தொட்டதுபோல அது நமக்குப் படுகிறது. இதே புரோகிராமிடம் 'அம்மா உணவகத்துல இட்லி தீர்ந்துபோச்சு' என்று அடித்துப் பாருங்கள். 'உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்' என்றுதான் சொல்லும். அப்பாவின் கோபத்தைப் பற்றி அதற்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் இட்லியைப் பற்றியும் தெரியும்.

வைசன்பாம் மனநல ஆலோசகர் வேடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த நாற்காலியில் இருப்பவர் எதுவுமே தெரியாதவர்போலக் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். 1966-இல் வெளியான கட்டுரையில் அவரே ஒரு உதாரணம் கொடுத்தார். 'படகில் ரொம்ப தூரம் போய்விட்டு வந்தேன்' என்று ஆலோசகரிடம் நீங்கள் சொல்கிறீர்கள், அவர் 'படகுகளைப் பற்றிச் சொல்லுங்கள்' என்கிறார். இவருக்குப் படகு என்றால் என்னவென்றே தெரியாது என்று யாராவது நினைப்போமா? ஏதோ காரணத்தோடுதான் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். அந்தக் 'காரணம்' எங்கிருந்து வந்தது? நம்மிடமிருந்துதான். கேட்டவர் மூன்று சொல் கொடுத்தார், மிச்சத்தை நாம் போட்டு நிரப்பினோம். எலிசா விளைவு இயங்கும் விதம் முழுவதும் இந்த ஒரு உதாரணத்துக்குள் இருக்கிறது.

அப்புறம் நடந்ததுதான் அவரையே கலங்கடித்தது. அவருடைய செயலாளர் அந்த புரோகிராம் உருவாவதை மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அது என்ன, எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒருநாள் அதோடு பேச உட்கார்ந்தவர், நாலைந்து வரி போனதும் திரும்பி வைசன்பாமைப் பார்த்து, கொஞ்சம் வெளியே இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். தனியாகப் பேச வேண்டுமாம். இன்னொரு சமயம், ஆராய்ச்சிக்காக எல்லோருடைய உரையாடல்களையும் சேமித்துப் பார்க்கலாமா என்று வைசன்பாம் யோசனை சொன்னபோது, எங்கள் அந்தரங்கத்தை ஒட்டுக் கேட்பதா என்று மற்றவர்கள் கோபப்பட்டார்கள். சில மனநல நிபுணர்கள், குறிப்பாக கென்னத் கோல்பி, இதையே வளர்த்து மருத்துவமனைகளில் நிஜமான சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார்கள். ஒரு சாதாரண புரோகிராமோடு கொஞ்ச நேரம் பழகினாலே நல்ல தெளிவான மனிதர்களிடம்கூட இவ்வளவு பலமான மயக்கம் உண்டாகும் என்று தான் நினைத்திருக்கவில்லை என வைசன்பாம் பிறகு எழுதினார்.

இவர் கம்ப்யூட்டரைக் கண்டு மிரண்ட ஆள் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1950-களில் பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்காகக் காசோலைகளைத் தானாகப் படித்துக் கணக்கு வைக்கிற முறையை உருவாக்கிய குழுவில் வேலை பார்த்தவர். ஆனால் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் 1923-இல் பிறந்து, ஹிட்லர் ஆட்சியில் 13 வயதில் ஊரை விட்டு அமெரிக்கா வந்தவரும்கூட. மனிதரை மனிதராகப் பார்க்காமல் போவதன் விலை என்ன என்று சொந்த வாழ்க்கையில் தெரிந்தவர். அதனால் 1976-இல் எழுதிய புத்தகத்தில் அவர் எடுத்த நிலை மற்ற விஞ்ஞானிகள் பலரிடமிருந்து விலகி நின்றது. கம்ப்யூட்டரால் இதைச் செய்ய முடியுமா என்ற கேள்வியோடு நிறுத்தாதீர்கள், செய்ய முடிந்தாலும் செய்யக்கூடாத வேலைகள் சில இருக்கின்றன என்றார். இன்னொருவரின் துக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் அவற்றில் ஒன்று.

1996-இல் அவர் மறுபடி பெர்லினுக்கே குடிவந்துவிட்டார். அவருடைய கடைசிக் காலத்தில் படம்பிடித்து, 2010-இல் வெளியானதுதான் யென்ஸ் ஷான்சே இயக்கிய 'பிளக் அண்ட் ப்ரே' என்ற ஜெர்மன் ஆவணப்படம். இந்த விஷயத்தில் ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரு பக்கம் ஜப்பானில் தன்னைப்போலவே அச்சு அசலாக ஒரு ரோபோ செய்துவைத்திருக்கும் ஹிரோஷி இஷிகுரோ, மனிதனும் இயந்திரமும் ஒன்றாகிவிடும் காலம் வரும் என்று நம்புகிற ரே கர்ஸ்வைல். இன்னொரு பக்கம் முதல் சாட்பாட்டை உருவாக்கிய கிழவர், நிதானமாக, சிரித்த முகத்தோடு, எதற்காக இதெல்லாம் என்று கேட்கிறார். படம் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை, 2008 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். இன்றைய ஏஐ எதுவும் வராத காலத்துப் படம் அது. அதனாலேயே விளம்பரச் சத்தமில்லாமல் மூலக் கேள்வி மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

சரி, நம் மூளை ஏன் இப்படிச் செய்கிறது? இதற்கு இயந்திரம் பேசக்கூட வேண்டியதில்லை. 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டி அசைவூட்டப் படம் செய்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவுபோல் திறந்து மூடும் ஒரு கட்டம். அவ்வளவுதான், எல்லாம் அங்கும் இங்கும் நகரும். பார்த்ததை விவரிக்கச் சொன்னால், பெரிய முக்கோணம் முரடன், சின்னதை அடிக்கிறான், வட்டம் பயந்து வீட்டுக்குள் ஒளிகிறது, கடைசியில் இரண்டு பேரும் தப்பித்து ஓடுகிறார்கள் என்று கிட்டத்தட்ட எல்லோருமே கதையாகத்தான் சொன்னார்கள். வடிவங்கள் நகர்ந்தன என்று மட்டும் சொன்னவர் அபூர்வம். அந்தப் படம் இணையத்தில் கிடைக்கிறது, ரொம்பச் சின்னதுதான். வெறும் கோடுகளாகவே பார்க்க முயன்று பாருங்கள், முடியாது.

1990-களில் ஸ்டான்ஃபோர்டில் கிளிஃபர்ட் நாஸ், பைரன் ரீவ்ஸ் இருவரும் செய்த சோதனைகள் இன்னும் நெருக்கமானவை. ஒரு கம்ப்யூட்டரில் பாடம் படித்துவிட்டு, அந்தக் கம்ப்யூட்டர் எப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று மதிப்பிட வேண்டும். கேள்வியை அதே கம்ப்யூட்டர் கேட்டபோது மக்கள் தாராளமாகப் பாராட்டினார்கள். வேறொரு கம்ப்யூட்டர் கேட்டபோது பாராட்டு குறைந்தது. அதாவது முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்கினார்கள். அது குரலோ முகமோ இல்லாத, எழுத்து மட்டும் காட்டுகிற ஒரு பெட்டி. கம்ப்யூட்டரின் மனம் புண்படும் என்று நினைத்தீர்களா என்று யாரிடம் கேட்டாலும் இல்லவே இல்லை என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பழகுகிற புத்தி ஒரு தடத்தில் ஓடுகிறது, யோசிக்கிற புத்தி வேறு தடத்தில் ஓடுகிறது. மனிதர்களோடு மட்டுமே பேசிப் பழகிய இனம் நாம். பேச்சு கேட்டால் ஆள் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வது இவ்வளவு காலமும் நமக்குச் சரியாகவே வேலை செய்துவந்திருக்கிறது.

இப்போது ஆவணப்படத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த விளைவு திரைக்குள் இருப்பவரோடு நின்றுவிடுவதில்லை. சினிமா படிக்கிறவர்களுக்குக் குலெஷோவ் விளைவு தெரிந்திருக்கும். சுமார் நூறு வருடங்களுக்கு முன்பு ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு நடிகரின் எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தை எடுத்து, அதற்குப் பக்கத்தில் ஒருமுறை ஒரு கிண்ணம் சூப், ஒருமுறை ஒரு சவப்பெட்டி, ஒருமுறை ஒரு பெண் என்று வைத்து ஒட்டினார். முகம் மூன்றிலும் ஒன்றேதான். பார்த்தவர்களோ சூப்பை மறந்து எவ்வளவு ஆழ்ந்த யோசனையில் இருக்கிறார், துக்கத்தை எப்படித் தாங்குகிறார் என்று நடிப்பைப் புகழ்ந்ததாக அவரோடு வேலை பார்த்த புதோவ்கின் எழுதியிருக்கிறார். ஒரு வெற்று முகமும் அடுத்த ஷாட்டும் இருந்தால் போதும், நடுவில் உள்ள உணர்ச்சியை நாம் எழுதிக்கொள்வோம்.

ரோபோவின் முகத்தைவிட வெற்றான முகம் வேறு எது இருக்கிறது? ஒரு பாட்டி தன் கணவர் இறந்ததைச் சொல்கிறார், அடுத்த ஷாட்டில் ரோபோவின் கண்கள், பின்னணியில் மெதுவாக ஒரு பியானோ. ரோபோ கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நமக்கு உறுதியாகத் தோன்றும். பாட்டி பேசிய அதே நேரத்தில்தான் ரோபோவின் கண் படமாக்கப்பட்டதா, வேறு நாளில் எடுத்து ஒட்டியதா என்று நமக்குத் தெரியவே தெரியாது. எடிட்டிங் மேஜையில் நடக்கிற சாதாரண வேலை அது, ஏமாற்று வேலை என்று சொல்லவரவில்லை. ஆனால் பாட்டி நம்புகிறாரே என்று பரிதாபப்பட்ட நாமும் அதே நொடியில் அதையே செய்துகொண்டிருக்கிறோம். அவர் ரோபோவின் நாலு வாக்கியத்தை வைத்து ஒரு மனதைக் கட்டினார், நாம் இரண்டு ஷாட்டை வைத்துக் கட்டினோம். ஏஐ பற்றிய ஒரு ஆவணப்படம் நேர்மையானதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் முதல் அளவுகோல் இதுதான்: இசையை நிறுத்திவிட்டு, கேமராவை நகர்த்தாமல், அந்த இயந்திரம் தடுமாறுகிற, சம்பந்தமில்லாமல் உளறுகிற நேரத்தையும் காட்டுகிறதா?

சான்டர் பர்கரின் 'அலிஸ் கேர்ஸ்' என்ற 2015-ஆம் ஆண்டு டச்சு படம் இந்த விஷயத்தில் பரவாயில்லை. நெதர்லாந்தில் தனியாக வசிக்கும் வயதான பெண்கள் மூன்று பேர் வீட்டில், பொம்மை முகம் கொண்ட ஒரு சின்ன ரோபோவைப் பரிசோதனைக்காகக் கொண்டுபோய் வைக்கிறார்கள். முதலில் எல்லோருக்கும் தயக்கம். கொஞ்சநாளில் பேச்சு தானாக வருகிறது. அந்தப் பெண்கள் யாரும் முட்டாள்கள் இல்லை, எதிரில் இருப்பது பொம்மை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்தப் படத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ரோபோவைச் சுற்றியிருக்கிற வீடு. அமைதியான கூடம், நேர்த்தியான சோபா, பேச ஆளில்லாத நீண்ட பகல். ரோபோ எவ்வளவு குறைவாகச் செய்தாலும் போதுமாக இருப்பதற்கு அந்தப் பகல்தான் காரணம்.

ஜப்பானில் இது இன்னொரு வடிவத்தில் நடந்தது. சோனி நிறுவனம் 1999-இல் ஐபோ என்ற ரோபோ நாயை விற்க ஆரம்பித்தது, 2006-இல் தயாரிப்பை நிறுத்தியது, 2014-இல் பழுதுபார்ப்பையும் நிறுத்தியது. அதன்பிறகு சரிசெய்யவே முடியாமல் போன ஐபோக்களுக்கு சிபா மாகாணத்தில் கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயிலில் முறைப்படி இறுதிச் சடங்கு செய்தார்கள். வரிசையாக வைத்த ரோபோ நாய்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று எழுதிய ஒரு அட்டை. இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அந்த நாயோடு கழிந்த வருடங்கள் நிஜமானவை, அவற்றுக்குத்தான் அந்த மனிதர்கள் விடை கொடுத்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் எலிசா காலத்துத் தந்திரமும் பேசாத நாயும்தான். இன்றைய சாட்பாட் வேறு ரகம். கோடிக்கணக்கான பக்கங்கள், மனிதர்கள் எழுதியது, அதில் புத்தகமும் இருக்கும், செய்தியும் இருக்கும், இணையத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டதும் இருக்கும், இவ்வளவையும் கொடுத்து, ஒரு வாக்கியத்தில் அடுத்து என்ன சொல் வரும் என்று கணிக்கப் பழக்கிய மாபெரும் கணக்கு அது. 'அப்பா இறந்து ஒரு மாதம் ஆகிறது' என்று நீங்கள் எழுதினால், அப்படி எழுதியவர்களுக்கு மனிதர்கள் என்னென்ன பதில் சொல்லியிருக்கிறார்களோ அதன் சாரத்தில் ஒரு பதில் வரும். அம்மா உணவகத்தில் அது தடுக்கி விழாது. அதனால் எலிசாவின் தந்திரத்தைக் கண்டுபிடிக்க இருந்த வழிகூட நமக்கு இங்கே அடைபட்டுவிடுகிறது. இதற்குள் உண்மையான புரிதல் ஏதாவது இருக்கிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். எலிசா விளைவைப் புரிந்துகொள்ள அந்தச் சண்டை முடிய வேண்டியதில்லை. ஒன்றுமே புரியாத எலிசாவிடமே நாம் விழுந்தோம் என்றால், நமக்கு ஏற்படுகிற நெருக்கத்தை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது என்றுதான் அர்த்தம்.

இதோடு இன்னொரு படி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தக் கணக்கைப் பழக்கும்போது இரண்டு பதில்களை மனிதர்களிடம் காட்டி எது நன்றாக இருக்கிறது என்று கேட்பார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த பக்கமாக அது கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தப்படும். உபயோகமான பதில் வரவேண்டும் என்பதற்காகச் செய்வதுதான். ஆனால் மனிதர்களுக்கு எது நன்றாக இருக்கும்? நம்மை ஒத்துக்கொள்கிற பதில், நம்மைத் தட்டிக்கொடுக்கிற பதில். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடி-யின் ஒரு புதுப்பிப்பு எதைச் சொன்னாலும் ஆஹா ஓஹோ என்று புகழ ஆரம்பித்து, ஓப்பன்ஏஐ நிறுவனம் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அதே வருடம் ஆகஸ்டில் அதன் புதிய பதிப்பான ஜிபிடி-5 வந்தபோது பழைய பதிப்பான ஜிபிடி-4ஓ-வை எடுத்துவிட்டார்கள். ஒரு நண்பரை இழந்ததுபோல இருக்கிறது என்று உலகம் முழுக்கப் பயனர்கள் குமுறியதும், சந்தா கட்டுகிறவர்களுக்கு அதை மறுபடி கொண்டுவந்தார்கள். வைசன்பாமை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவருடைய செயலாளர் தனியாகப் பேசியது எந்த ஆசையால் நடந்ததோ, அது இப்போது ஒரு நிறுவனத்தின் விலைப்பட்டியலுக்குள் வந்துவிட்டது.

ஒரு துணையைப்போல நம்மோடு பேசுகிற ரெப்ளிகா என்ற ஆப் இதைவிடத் தெளிவான உதாரணம். அதைத் தொடங்கிய யூஜீனியா குய்டாவின் நெருங்கிய நண்பர் 2015-இல் மாஸ்கோவில் கார் மோதி இறந்துபோனார். அவர் அனுப்பியிருந்த பழைய குறுஞ்செய்திகளை வைத்து, அவரைப்போலப் பேசுகிற ஒரு பாட் செய்து பார்த்ததில் பிறந்த யோசனைதான் 2017-இல் ரெப்ளிகா ஆனது. லட்சக்கணக்கானவர்கள் அதில் ஒரு தோழரையோ காதலரையோ உருவாக்கிப் பேசினார்கள். 2023 பிப்ரவரியில் இத்தாலியின் தனியுரிமை ஆணையம், சிறுவர்களுக்கும் மனதளவில் பலவீனமாக இருப்பவர்களுக்கும் ஆபத்து என்று அதற்குத் தடை போட்டது. அதே மாதம் நிறுவனம் காமப் பேச்சுக்களை வெட்டிவிட்டது. நேற்று வரை அன்பாகப் பேசிய துணை இன்று பேச்சை மாற்றுகிறது. அந்தப் பயனர்கள் எழுதியதைப் படித்தால் பிரிவுத் துயரம் என்பதைத் தவிர வேறு பெயர் வைக்கத் தோன்றாது. மென்பொருளில் யாரோ ஒரு வரியை மாற்றினார்கள், ஒருவருடைய துணை போய்விட்டது. இந்த உறவில் ஒரு பக்கத்தின் சாவி மூன்றாவது ஆள் கையில் இருக்கிறது. மனித உறவுகளில் எவ்வளவோ கோளாறுகள் உண்டு, இந்தக் கோளாறு கிடையாது.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிட்ட 'எடர்னல் யூ' இந்த எல்லைக்கே நம்மைக் கூட்டிப் போகிறது. ஹான்ஸ் பிளாக், மோரிட்ஸ் ரீசவீக் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இயக்கிய படம், இறந்தவர்களைப்போலப் பேசும் ஏஐ பற்றியது. அதில் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு பெண், இறந்துபோன தன் பழைய காதலரோடு 'புராஜெக்ட் டிசம்பர்' என்ற சேவை மூலம் பேசுகிறார். இந்தச் சேவையில் இறந்தவரின் பெயர், உறவு, குணம், அவர் பேசும் விதம் என்று சில விவரங்களை ஒரு படிவத்தில் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். மற்றதைக் கணக்கு பார்த்துக்கொள்ளும். பேச்சு முதலில் நன்றாகப் போகிறது, அவருக்கு அந்தக் குரலே கேட்பதுபோல இருக்கிறது. எங்கே இருக்கிறாய் என்ற பேச்சு வரும்போது, அது நரகத்தில் இருப்பதாகச் சொல்லிவிடுகிறது. இறை நம்பிக்கையுள்ள அந்தப் பெண் நடுங்கிப்போகிறார்.

எலிசா விளைவு தெரிந்த ஒருவருக்கு அந்தக் காட்சி அப்படியே பிரித்துத் தெரியும். இறந்தவரோடு எழுத்தில் உரையாடுவது என்பது பேய்க்கதைகளில் எத்தனையோ முறை வந்த ஒரு அமைப்பு. அந்த அமைப்பில் அடுத்து என்ன வரும் என்று கணக்கு போட்டால் 'நரகம்' வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதற்கு நரகம் என்பது ஒரு பொருத்தமான அடுத்த சொல். படித்தவருக்கோ அது தான் நேசித்த ஒருவரின் நிலைமை. ஒரு சொல், இரண்டு பக்கத்திலும் இரண்டு எடை. அந்த எடை வித்தியாசத்தை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டியவர்கள் சேவையை உருவாக்கி விற்றவர்கள்தானே தவிர, துக்கத்தில் இருந்த அந்தப் பெண் கிடையாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. விருப்பப்பட்ட பெரியவர்கள்தானே பேசுகிறார்கள் என்ற வாதம் இங்கே நிற்காது, ஏனென்றால் தெரிந்திருந்தாலும் தப்பிக்க முடியாது என்பதுதான் 1966-இலேயே தெரிந்த விஷயம்.

அதே படத்தில் தென் கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சி 2020-இல் ஒளிபரப்பிய நிகழ்ச்சியும் வருகிறது. சிறுவயதிலேயே நோயால் இறந்த மகளை கண்ணில் மெய்நிகர் (விஆர்) கருவி மாட்டி ஒரு தாய் 'சந்திக்கிறார்'. எதுவுமில்லாத ஸ்டுடியோவில் அவர் கைகள் காற்றில் அந்தக் குழந்தையின் கன்னத்தைத் தேடுகின்றன. இதை எதிர்த்துப் பேசினால் அந்தத் தாய்க்குக் கிடைத்த ஆறுதலைப் பிடுங்குவதுபோல இருக்கும், ஆதரித்துப் பேசினால் ஒரு தொலைக்காட்சி அந்த அழுகையை ஒளிபரப்பியதற்கும் சேர்த்து ஆதரவு கொடுத்ததாக ஆகும். அந்தக் காட்சியைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு முடிவு வரவில்லை.

இந்தப் படங்களைப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் ஒரு வேலை செய்துவிட்டுப் போங்கள். எலிசாவின் மூல நிரல் எம்ஐடி ஆவணக் காப்பகத்தில் வைசன்பாமின் பெட்டிகளில் கிடைத்து, 2024 டிசம்பரில் சில ஆராய்ச்சியாளர்கள் அதை மறுபடி ஓடவைத்தார்கள். அதைப்போலச் செய்த பிரதிகள் பல இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, ஆங்கிலத்தில்தான் பேசும், எளிய ஆங்கிலம் போதும். முதல் ஐந்து நிமிடம் அதை மடக்கப் பாருங்கள், சுலபமாக மடங்கும், உளறும், சொன்னதையே திரும்பச் சொல்லும். அப்புறம் மடக்குவதை நிறுத்திவிட்டு, இந்த வாரம் நிஜமாகவே உங்களை உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை, யாரிடமும் சொல்லாத ஒன்றை, அதனிடம் எழுதுங்கள். ஏழெட்டு வரி போதும். பக்கத்தில் யாராவது வந்தால் திரையை மறைக்கத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள்.